'எழுதாத கணக்குதான் நிறைய, பாப்பா!' - பால் நோட்டின் சின்ன வட்டம் சொல்லிக்கொடுத்த சாஃப்ட்வேர் பாடம்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பால்கோவா கடையின் பின்கட்டில் விறகடுப்பு மூட்டி, முதல் சட்டி ஏற்றியாகிவிட்டது. பால் ஊற்ற வந்தவர்கள் கேன்களை வரிசையாக வைத்துவிட்டு நின்றார்கள். ஒரு பெண் மட்டும் வெறுங்கையோடு வந்திருந்தார்.

"அண்ணாச்சி, எம் பணத்தை ஏன் அவரு கணக்குல போட்டீங்க?"

சத்தம் போடவில்லை. கோபமும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கடைக்காரர் பதில் சொல்லத் தெரியாமல் பக்கத்தில் நின்ற 27 வயதுப் பெண்ணைப் பார்த்தார்.

அவளுக்குப் பதில் தெரியும். அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்று எழுதியதே அவள்தான். அவள் எழுதிய 41 வரிகளில், 17-வது வரி.

ராஜபாளையத்துப் பெண்

அவளுக்குச் சொந்த ஊர் ராஜபாளையம். சென்னையில் ஒரு ஐ.டி நிறுவனத்தில் பிசினஸ் அனலிஸ்ட் வேலை. கொரோனாவில் ஊருக்கு வந்தவள், பிறகு பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். "பொண்ணு கம்ப்யூட்டர்ல என்ன பண்றா?" என்று யாராவது கேட்டால் அவள் அம்மா, "ஏதோ எழுதுறா" என்பார். உண்மையில் அதுதான் சரியான பதில். அவள் புரோகிராம் எழுதுவதில்லை. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறாள்.

ஒரு சாஃப்ட்வேர் செய்யத் தொடங்கும் முன், அது என்னென்ன செய்ய வேண்டும், என்னென்ன செய்யக் கூடாது என்று வரி வரியாக, எண் போட்டு எழுதும் ஆவணம் ஒன்று உண்டு. 'சாஃப்ட்வேர் ரிக்கொயர்மென்ட்ஸ் ஸ்பெசிஃபிகேஷன்' என்பது முழுப்பெயர். சுருக்கமாக எஸ்.ஆர்.எஸ். நம் மொழியில், தேவைப் பட்டியல். கேட்பவருக்கும் செய்பவருக்கும் நடுவில் இருக்கும் ஒப்பந்தம் அது. நாளை "நான் இதைக் கேட்கவே இல்லையே" என்று ஒருவரும், "நீங்க சொல்லவே இல்லையே" என்று இன்னொருவரும் சண்டை போடாமல் இருக்கத்தான் அந்தக் காகிதம்.

அந்தக் காகிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவள் கல்லூரியில் படித்தாள். ஆனால், முதலில் புரியவைத்தது அவள் அப்பா. ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருடம் ஷிஃப்ட் பார்த்தவர்.

"நல்ல நூல் வேணும்னு எந்த வியாபாரியும் ஆர்டர் போட மாட்டான். நாப்பதாம் நம்பர் நூல் வேணும்னு போடுவான். 'நல்ல'ங்கிறது அவனவன் மனசுல இருக்கு. நாப்பது தராசுல இருக்கு."

நூல் உலகத்தில் 'கவுன்ட்' என்பது அளந்து பார்க்கக்கூடிய சத்தியம். 840 கஜம் நீள நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் அப்படி 40 சிட்டம் இருந்தால் அது நாற்பதாம் நம்பர். அறுபது இருந்தால் அறுபதாம் நம்பர். இன்னும் மெல்லிய நூல். சந்தேகம் வந்தால் அளந்து, எடை போட்டுப் பார்த்துவிடலாம். வாக்குவாதத்துக்கு இடமே இல்லை.

பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து அந்த ஊர் இந்தக் கணக்கில்தான் வாழ்கிறது. மில் கணக்கு கம்ப்யூட்டர் கணக்கானதும் அந்த ஊருக்குப் புதிதல்ல. நூலும் சிமென்ட்டும் செய்த அதே ராம்கோ குழுமத்திலிருந்துதான் 1990-களில் ராம்கோ சிஸ்டம்ஸ் வந்தது. ஒரு நிறுவனத்தின் கொள்முதல், இருப்பு, சம்பளம், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் 'மார்ஷல்' என்ற சாஃப்ட்வேரைக் கொண்டு வந்தது. இந்தியாவிலேயே உருவான தொடக்ககால ஈ.ஆர்.பி சாஃப்ட்வேர்களில் அது ஒன்று.

அப்படிப்பட்ட ஊர்ப்பெண்ணிடம், அப்பாவின் அண்ணன் ஒருநாள் கேட்டார். "பாப்பா, நம்ம கடைப் பால் கணக்கை போன்ல போட முடியுமா?"

"எல்லாம் சிம்பிள்தான்!"

பெரியப்பாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை. ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் கடை வாசலில் இருந்தே தெரியும். சுற்றுவட்டாரக் கிராமங்களில் 63 வீடுகளிலிருந்து காலையும் மாலையும் பால் வருகிறது. ஒரு நீள நோட்டில் கணக்கு. 70 வயதைத் தாண்டிய கணக்குத் தாத்தா ஒருவர் அதைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. பெரியப்பாவின் கவலை அதுதான்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவள் பஸ் ஏறினாள். ராஜபாளையத்திலிருந்து பக்கம்தான். கடைக்குள் இரண்டு மணி நேரம் பெரியப்பாவோடு உட்கார்ந்து பேசினாள்.

"எல்லாம் சிம்பிள்தான் பாப்பா. பால் வருது, எழுதிக்கிறோம். சனிக்கிழமை கணக்குப் பார்த்துப் பணம் குடுக்கிறோம். வேற என்ன?"

அவள் வீட்டுக்குப் போய் எழுதினாள். அலுவலகத்தில் பழகிய அதே அச்சு. அறிமுகம், நோக்கம், பயனாளர்கள், தேவைகள். ஆங்கிலத்தில் 34 பக்கம். பெரியப்பா முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்று கையெழுத்துப் போட்டார். சென்னையில் அவளோடு வேலை பார்க்கும் நண்பன் வார விடுமுறைகளில் உட்கார்ந்து ஆப்பைச் செய்து முடித்தான்.

17-வது வரி இதுதான்: 'ஒவ்வொரு சனிக்கிழமையும், பால் ஊற்றும் வீட்டின் பதிவு செய்த வங்கிக் கணக்குக்கு அந்த வாரத் தொகை செல்ல வேண்டும். பதிவு செய்த எண்ணுக்கு, லிட்டர் விவரத்துடன் குறுஞ்செய்தி செல்ல வேண்டும்.'

நோட்டில் எல்லாப் பெயர்களும் வீட்டு ஆண்களின் பெயரில் இருந்தன. 'இன்னார் வீடு' என்றுதான் எழுதும் பழக்கம். அதனால், கணக்கு எண்ணும் போன் எண்ணும் அவர்களிடமே வாங்கப்பட்டன. யாருக்கும் எதுவும் தவறாகத் தெரியவில்லை.

நோட்டில் 11 பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஏதோ பழைய குறி என்று நினைத்துக் கடந்துவிட்டாள்.

வட்டத்தின் அர்த்தம்

பங்குனியில் ஆப் நடைமுறைக்கு வந்தது. முதல் சனிக்கிழமை சாயங்காலம் 63 வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் பணம் போனது. பெரியப்பா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாள் காலைதான் அந்தப் பெண் வெறுங்கையோடு வந்து நின்றார்.

பதில் சொன்னது கணக்குத் தாத்தா. "வட்டம் போட்ட வீட்டுக்கு, பணத்தை அந்த அம்மா கையிலதான் குடுக்கணும். வீட்டுக்காரர் வந்து கேட்டாலும், 'கணக்கு இன்னும் பாக்கல'ன்னு சொல்லிரணும். இருபது வருஷமா அப்படித்தான்."

"இதை ஏன் தாத்தா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே தாயி."

பெரியப்பாவுக்கும் வட்டம் தெரியும். "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, தனியா சொல்லணுமா?" என்று அவர் நினைத்திருந்தார்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர். லிட்டர் 35 ரூபாய். வாரத்துக்கு 2,450 ரூபாய். பெரியப்பா உடனே கல்லாவைத் திறந்து அந்தத் தொகையை எண்ணி நீட்டினார். "தப்பு எங்களது. வாங்கிக்கம்மா."

அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"பணம் போனா போகுது அண்ணாச்சி. வீட்டுல இதுநாள் வரைக்கும் ஆறு லிட்டர்னுதான் சொல்லி வெச்சிருந்தேன். மிச்சத்துலதான் மக காலேஜ் ஃபீஸ் கட்டிட்டு வர்றேன். இப்ப அவரு போனுக்கு பத்து லிட்டர்னு மெசேஜ் வந்துருச்சு."

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தெரிந்துபோன கணக்கை எப்படித் திருப்பி வாங்குவது? அந்தக் கேள்விக்கு அங்கே நின்ற யாரிடமும் பதில் இல்லை. அந்தப் பெண் போய்விட்டார். அடுத்த நான்கு நாட்கள் அவர் வீட்டுப் பால் வேறொரு வண்டியில் ஏறியது.

ஆப் நிறுத்தப்பட்டது. நீள நோட்டு திரும்பி வந்தது.

செவ்வாய்க்குப் போன விண்கலமும் பால் கேனும்

அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. தன் 34 பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எழுத்துப் பிழை இல்லை. எண்கள் சரி. புரோகிராமிலும் பிழை இல்லை. எழுதியதை எழுதியபடியே செய்திருந்தான் நண்பன். அதுதான் பிரச்னையே. தவறான தேவையை மிகச் சரியாகச் செய்து முடித்திருந்தார்கள்.

ஐ.பி.எம் நிறுவனத்தின் பிரமாண்டமான சாஃப்ட்வேர் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1986-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் சொன்னார். சாஃப்ட்வேர் வேலையில் மிகக் கடினமானது புரோகிராம் எழுதுவது அல்ல. எதைச் செய்ய வேண்டும் என்று துல்லியமாக முடிவு செய்வதுதான் என்பது அவர் கருத்து. கல்லூரியில் அதைத் தேர்வுக்காகப் படித்தபோது அவளுக்கு அது ஐந்து மதிப்பெண் கேள்வி.

எழுதி வைத்தாலும் போதாது என்பதற்கு அவள் பாடத்தில் இன்னொரு கதையும் இருந்தது. 1998 டிசம்பரில் நாசா செவ்வாய் கிரகத்துக்கு 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்ற விண்கலத்தை அனுப்பியது. ஒன்பது மாதப் பயணம். 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கை நியூட்டன் அலகில் கொடுக்க வேண்டும் என்று தேவைக் குறிப்பில் எழுதியிருந்தது. தரையில் இருந்த ஒரு சாஃப்ட்வேர், பவுண்டு அலகில் கொடுத்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் கிட்டத்தட்ட நாலரை மடங்கு வித்தியாசம். எழுதியது ஒன்று, நடந்தது ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டு யாரும் சரிபார்க்கவில்லை.

அவள் கதையில் எழுதியதும் நடந்ததும் ஒன்றுதான். ஆனால், எழுத வேண்டியதே எழுதப்படவில்லை. விண்கலத்தில் போனது பணமும் உழைப்பும். இங்கே போனது, ஒரு பெண் பல வருடங்களாகக் காப்பாற்றி வைத்திருந்த நான்கு லிட்டர் ரகசியம்.

விடியற்காலைப் பாடம்

அடுத்த மாதம் அவள் அலுவலகத்தில் பத்து நாள் விடுப்பு எடுத்தாள். தினமும் விடியற்காலை முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர். இந்த முறை பெரியப்பாவின் நாற்காலிக்கு எதிரே உட்காரவில்லை. பின்கட்டில், பால் அளக்கும் இடத்தில், கணக்குத் தாத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டாள். கேள்விகளைக் குறைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள்.

முதல் நாளே ஒன்று பிடிபட்டது. நோட்டில் '40' என்று இருந்தால் என்ன? கேனில் வரும் பால் லிட்டரில் அளந்து எழுதப்படுகிறது. பெரிய கேன்கள் மட்டும் அவசரத்தில் தராசில் ஏறுகின்றன. அப்போது எழுதுவது கிலோ. ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ எடை. 40 லிட்டர் என்றால் 41 கிலோவுக்கு மேல். தாத்தா கேனைப் பார்த்தே எது லிட்டர், எது கிலோ என்று மனதுக்குள் மாற்றிக்கொள்வார். ஆப்புக்கு மனது கிடையாது. பவுண்டும் நியூட்டனும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருந்தன.

இரண்டாம் நாள், ஒரு பெயருக்கு நேரே வெறும் கோடு. "இவங்க வீட்டுல மாடு கன்னு போட்டிருக்கு. சீம்பால் எடுக்க மாட்டோம். சட்டியில ஊத்தினா மொத்தமும் திரிஞ்சுபோகும்" என்றார் தாத்தா. 41 வரிகளில் கன்றுக்குட்டியே இல்லை.

மூன்றாம் நாள், சனிக்கிழமை சாயங்காலப் பால் எந்த வாரக் கணக்கு என்று கேட்டாள். அடுத்த வாரக் கணக்காம். சனிக்கிழமை மதியமே தாத்தா கணக்கை முடித்துவிடுவார். ஆப்போ நள்ளிரவு 12 மணிக்கு நாளை முடித்தது.

நான்காம் நாள் கிடைத்தது ஒரு தமிழ்ப் பாடம்.

"பால் கொஞ்சம் தண்ணியா இருந்தா ரெண்டு ரூவா குறைக்கலாம்" என்றார் தாத்தா.

"குறைக்கலாம்னா? குறைக்கணுமா? இல்ல, குறைச்சா தப்பில்லையா?"

தாத்தா யோசித்தார். "அது ஆளைப் பொறுத்து. மழைக் காலத்துல பச்சப் புல்லைத் தின்னா பால் அப்படித்தான் இருக்கும். அதுக்குக் குறைக்க மாட்டேன். வேணும்னே தண்ணி ஊத்தினா குறைப்பேன்."

"அதை யார் முடிவு பண்றது?"

"நான்தான். லாக்டோமீட்டர் பாதி சொல்லும். மூஞ்சி மீதி சொல்லும்."

'லாம்' என்ற இரண்டெழுத்துக்குள் அனுமதியும் இருக்கிறது, யோசனையும் இருக்கிறது, "பார்ப்போம்" என்ற தள்ளிப்போடலும் இருக்கிறது. பேச்சில் அது மரியாதை. தேவைப் பட்டியலில் அது ஆபத்து. அதனால்தான் இந்தத் துறையில் 'கட்டாயம்', 'செய்தால் நல்லது', 'விருப்பப்பட்டால்' என்று மூன்றையும் பிரித்து எழுதச் சொல்கிறார்கள். அவள் இப்படி எழுதினாள்: 'விலைக் குறைப்பை ஆப் தானாகச் செய்யக் கூடாது. கணக்கு பார்ப்பவர் மட்டுமே செய்ய முடியும். காரணத்தையும் எழுத வேண்டும்.'

"எழுதாத கணக்குதான் நிறைய, பாப்பா" என்றார் தாத்தா. "நோட்டுல இருக்கிறது பாதி. மீதி இங்க" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். அவருக்குப் பிறகு அந்த மீதி எங்கே போகும் என்று அவள் அப்போதுதான் யோசித்தாள்.

பால்கோவாவுக்கே அப்படி ஒரு நாள் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் குறியீட்டுக்கு விண்ணப்பிக்கும் எந்தப் பொருளாக இருந்தாலும், அது என்ன, எந்தப் பகுதியில் செய்யப்படுகிறது, எப்படிச் செய்யப்படுகிறது, தரத்தை யார் சோதிப்பார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கைப்பக்குவம் என்று விட்டுவிட முடியாது. சட்டியைக் கிண்டுகிறவருக்குத் தெரிந்ததை, கிண்டாதவரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுத வேண்டும். அதுவும் ஒரு தேவைக் குறிப்புதான்.

இரண்டாவது தவறு, காகிதத்திலேயே

இத்தனைக்கும் நடுவில் முக்கியமான வேலை பாக்கியிருந்தது. அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும். ஐந்தாம் நாள், தாத்தாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்துத்தான் தாத்தா கூட்டிப்போனார். தொழுவத்தின் பக்கமாக நின்று பேசினார்கள்.

"அத்தை, தப்பு பண்ணினது நான்தான்" என்றாள். அவர் சிரித்தார். "தெரியாமப் பண்ணினதுதானே. வாம்மா, மோர் குடிக்கிறியா?"

அவள் தயாராக ஒரு தீர்வை எழுதிக்கொண்டு போயிருந்தாள். 'வட்டம் போட்ட வீடுகளுக்கு, தொகை பெண்ணின் வங்கிக் கணக்குக்குச் செல்ல வேண்டும்.' அரசாங்கமே அப்படித்தானே செய்கிறது? 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் குடும்பத் தலைவியின் கணக்குக்குத்தான் போகிறது. பணம் யார் கணக்கில் ஏற வேண்டும் என்ற ஒரே ஒரு வரி, வீட்டுக்குள் எவ்வளவோ மாற்றும். அந்த நம்பிக்கையில்தான் எழுதியிருந்தாள்.

அதை வாசித்துக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார்.

"வேண்டாம்மா. என் கணக்கு ஏ.டி.எம் கார்டு அவரு சட்டைப் பையிலதான் இருக்கு. அந்தக் கணக்குக்குக் குடுத்திருக்கிற போன் நம்பரும் அவருதுதான். வீட்டுக்கு ஒரு போன்தானே."

அவள் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். முதல் தவறு ஒரு குடும்பத்தின் ரகசியத்தைச் சந்திக்கு இழுத்திருந்தது. இரண்டாவது தவறு ஒரு பேனாக்கோட்டோடு முடிந்தது. முன்கூட்டியே எழுதி, எழுதியதைச் சம்பந்தப்பட்டவரிடம் வாசித்துக் காட்டுவதால் கிடைக்கும் லாபம் இதுதான்.

"அப்ப என்ன பண்ணா உங்களுக்குச் சரியா இருக்கும், அத்தை?"

இந்தக் கேள்வியை அந்தப் பெண்ணிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் மாட்டைத் தடவிக்கொடுத்தபடி யோசித்தார்.

"அவருக்குப் பத்துன்னு தெரிஞ்சுபோச்சு. அதை மாத்த முடியாது. ஆனா இந்தச் செவலை மாடு எங்க அம்மா எனக்குக் குடுத்தது. அடுத்த தெருவுலதான் அம்மா வீடு. செவலையை அங்க கட்டிட்டு, அந்தப் பாலுக்கு அம்மா பேர்ல தனியா ஒரு அட்டை போட்டுத் தருவீங்களா? காசைக் கையில குடுங்க. மெசேஜ் மட்டும் வேண்டாம். நம்பர் எழுதின அட்டை ஒண்ணு எங்கிட்ட இருந்தாப் போதும். எழுத்துத் தெரியாட்டியும் நம்பர் படிப்பேன்."

அவள் எழுதிக்கொண்டே வந்தாள். ஒரே பதிலில் நான்கு தேவைகள். ஒரு குடும்பத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பால் அட்டைகள் இருக்கலாம். பணம் கொடுக்கும் முறையை அட்டைக்கு அட்டை தனித்தனியாகத் தேர்வு செய்ய வேண்டும். குறுஞ்செய்தி, கேட்டவர்களுக்கு மட்டுமே போக வேண்டும். ஒவ்வொரு வரவும் அச்சிட்ட அட்டையில் எண்ணாக இருக்க வேண்டும். நான்கையும் தன் மூன்று வருட அனுபவத்தில் அவள் யோசித்திருக்கவே முடியாது. செவலை மாடு யார் கொடுத்தது என்று எந்த அச்சுப் படிவத்திலும் கட்டம் இல்லை.

ஒன்பது பக்கம், தமிழில்

புதிய தேவைப் பட்டியல் தமிழில் இருந்தது. ஒன்பதே பக்கம். ஒவ்வொரு வரிக்கும் கீழே, 'இதை எப்படிச் சரிபார்ப்பது?' என்று இன்னொரு வரி. அப்பாவின் நாற்பதாம் நம்பர் பாடம் அது. 'ஆப் வேகமாக இருக்க வேண்டும்' என்று முதல் பட்டியலில் இருந்தது. அதை அடித்துவிட்டு, 'வரிசையில் நிற்பவர் கேனை எடுப்பதற்குள் வரவு பதிவாக வேண்டும். காலை நேரத்தில் 20 பேரை வைத்துப் பார்க்க வேண்டும்' என்று எழுதினாள். 'இன்டர்நெட் இருக்கும்' என்று முதலில் நம்பியிருந்தாள். ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஊரே நிரம்பி போன் சிக்னல் தடுமாறும் என்று பெரியப்பா சொன்னதும், 'இன்டர்நெட் இல்லாவிட்டாலும் பதிவாக வேண்டும்' என்று மாற்றினாள்.

வட்டத்துக்கும் ஒரு வரி: 'பணத்தைக் கையில் வாங்குபவர் யார் என்ற விவரம், கணக்கு பார்ப்பவருக்கும் கடை உரிமையாளருக்கும் தவிர வேறு யாருக்கும் திரையில் தெரியக் கூடாது.' அதன் கீழே: 'சரிபார்க்கும் முறை: வேறொருவர் போனில் திறந்து பார்க்கவும்.'

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அடுப்பு அணைந்த பிறகு, அவள் ஒன்பது பக்கத்தையும் சத்தமாக வாசித்தாள். பெரியப்பா, தாத்தா, பால் ஊற்றும் பெண்கள் ஏழு பேர். நண்பன் சென்னையிலிருந்து வீடியோ காலில். 12-வது வரியில் தாத்தா நிறுத்தினார். 20-வது வரியில் பெண்களில் ஒருவர் நிறுத்தினார். மொத்தம் ஆறு திருத்தம். கையெழுத்து வாங்கியபோது இந்த முறை யாரும் "பிரமாதம்" என்று சொல்லவில்லை. "இதுல சொன்ன மாதிரியே வந்துருமா?" என்று கேட்டார்கள். அந்தச் சந்தேகமே அவளுக்கு நிம்மதியாக இருந்தது. படித்துப் புரிந்தவர்கள்தானே சந்தேகப்படுவார்கள்.

ஆடி மாதத்துக்கு முன்னால் புதிய ஆப் வந்தது. முதல் ஒரு மாதம் நீள நோட்டும் கூடவே ஓட வேண்டும், இரண்டு கணக்கும் ஒத்துப்போன பிறகே நோட்டை மூட வேண்டும் என்பதும் பட்டியலில் ஒரு வரி.

எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. அந்த வீட்டில் பத்து லிட்டர் விவகாரம் இன்னும் பேச்சாக ஓடுகிறது. மகளின் ஒரு செமஸ்டர் ஃபீஸை அபராதத்தோடுதான் கட்ட முடிந்தது. பெரியப்பா நீட்டிய 2,450 ரூபாயை அந்தப் பெண் கடைசி வரை வாங்கவில்லை.

ஆனால், செவலை மாட்டுப் பால் திரும்ப வந்தது, அம்மா பேரில் ஓர் அட்டையோடு.

ஆடிப்பூரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. கடையில் நிற்க இடமில்லை. பின்கட்டில் அந்தப் பெண் அட்டையில் இருந்த எண்களை விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தார். தாத்தா கொடுத்த பணத்தை இரண்டு முறை எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டார். போகும்போது அவளருகில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த வட்டம் மெஷின்லயும் இருக்குல்லம்மா?"

"இருக்கு அத்தை. 23-வது வரி."